சாம்பல் தொப்பிகள்

நான் பார்ப்பது மேல்பாதியை மட்டும்.
வாட்டர் போலோவில் எந்த நடுவருக்கும் அதுதான் கதி.
வெள்ளை உடுப்பில் குளத்தோரம் நடக்கிறேன்
பத்தொன்பது வருடமாக, முன்னும் பின்னும்.
எந்தக் கை எவன் இடுப்புத் துணியை முறுக்குகிறது,
எந்த முழங்கால் எந்த விலாவில் இறங்குகிறது,
எல்லாம் நீருக்கடியில்.
மேலே வரும் நுரையை வாசித்து
நான் ஊதுகிறேன்.

கை நீட்டி வாங்கியதில்லை, ஒரு காப்பிகூட.
இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்,
ஹங்கேரியில் எந்த ஊர்க் குளத்திலும்
முதலில் கேட்கப்படுவது அதுதான்.
கொழுப்புத் தடவிய ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும்
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுத்தான்
வாயைத் திறப்பேன்.

பிப்ரவரியில் லீக் அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு.
நாற்பது துண்டுக் காட்சிகள்.
ஒலி இல்லை, ஸ்கோர் இல்லை.
தொப்பிகளை யாரோ சாம்பலாக்கியிருந்தார்கள்,
முகங்களும் கலங்கல்.
"ஊதுவீர்களா, மாட்டீர்களா?
குறித்து அனுப்பவும். கிங்கா ஹொர்காஷ்."

சமையலறை மேசையில் சூப் ஆற ஆறக் குறித்தேன்.
சுலபமாகத்தான் இருந்தது.
ஒரு சாம்பல் இன்னொரு சாம்பலை அமுக்குகிறது: தவறு.
ஒரு சாம்பல் சும்மா மூழ்குகிறது: நடிப்பு.
தூக்கம் நன்றாக வந்தது அன்றிரவு.

மறுநாள் விடைத்தாள்.
நாற்பதும் என் ஆட்டங்கள்.
நாற்பதிலும் ஒரு பக்கம் தலைநகர் அணி,
ஒன்பது வருடமாகக் கோப்பையைக் கீழே வைக்காதவர்கள்.
பதினேழு இடங்களில் நான் என்னையே மறுத்திருந்தேன்.
அன்று ஊதிய பதினேழில் பதினான்கு
அவர்கள் பக்கம் விழுந்தவை.

மிச்சம் மூன்றைத்
திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்,
அந்த மூன்றும் வந்து எனக்குச் சாட்சி சொல்லும் என்று.

இருபத்தாறாவது துண்டு.
பெண்டெகூஸ் தாரி,
திஸா ஆற்றங்கரை ஊரின் நடு ஆட்டக்காரன்,
விடியலில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்.
அவன் முதுகில் சாம்பியன்களின் தடுப்பாளன்
இரு கைகளையும் வெளியே தூக்கிக் காட்டுகிறான்:
பார், நான் ஒன்றும் செய்யவில்லை.
தாரியின் மோவாய் இரண்டு முறை உள்ளே போகிறது, வாய் திறந்தபடி.
அன்று நான் ஊதியது தாரிக்கு எதிராக.
பந்து கை மாறியது. பதினொன்று, பத்து.
மேலே வந்து என்னைப் பார்த்தான்.
கோபமில்லை.
குறையும் என்று தெரிந்தே
மீதிச் சில்லறையை எண்ணுகிறவனின் பார்வை.

அதே நுரைதான்.
அவர்கள் கிளப்பினால் என் மனம் அதை நுட்பம் என்றது,
இவர்கள் கிளப்பினால் தவிப்பு என்றது.
ஜெயிக்கிறவனுக்குத் திருட என்ன தேவை என்று
யாரும் என் காதில் ஓதவில்லை.
மூச்சுக்கும் விசிலுக்கும் நடுவே அரை நொடி,
அந்த அரை நொடியில் யாரோ குடியிருக்கிறார்,
வாடகை இல்லாமல்,
நான் வீட்டுக்காரி என்பதே தெரியாமல்.

மார்ச்சில் மறுபடி அதே இரண்டு அணிகள், தலைநகரில்.
சொந்தக் குளத்தில் அவர்கள் தொப்பி வெள்ளை,
என் உடுப்பைப் போலவே.
முதல் கால் பகுதியில் அவர்கள்மீது நான்கு முறை ஊதினேன்.
நான்காவதை ஊதும்போதே கேட்டேன்:
இது பார்வையா, பிராயச்சித்தமா?
பயிற்சியாளர் தலையை மட்டும் ஆட்டினார்.
இரண்டாயிரம் பேர் என் அம்மாவை விசாரித்தார்கள்.

கடைசி நிமிடம். ஒன்பதுக்கு ஒன்பது.
தொப்பிகளைச் சாம்பலாக்கிப் பார்க்க முயன்றேன்.
வெள்ளை வெள்ளையாகவே நின்றது.
தாரி மூழ்கினான்.
இரண்டு கைகள் மேலே வந்தன, காலியாக, மிக அழகாக.

ஊதினேன்.

தடுப்பாளன் வெளியே போனான், பந்து உள்ளே போனது.
தாரி இந்த முறை என் பக்கம் திரும்பவேயில்லை.

வண்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
விசிலை உதறினேன், இன்னும் தண்ணீர் சொட்டியது.
கிங்கா அதையும் சாம்பலாக்கி அனுப்புவாள்,
நாற்பதில் ஒன்றாக, எந்த எண் என்று சொல்லாமல்.